காலஞ்சென்ற இயக்குநரின் பதினொரு நாட்கள்

படம் எடுப்பவர்களுக்கு உதவுவதற்காகத் தொடங்கப்பட்டது எங்கள் வாரியம். பெருநகரப் பல்பண்பாட்டுத் திரைப்பட வாரியம் என்பது முழுப் பெயர். லண்டனில் ஹோல்பர்ன் என்ற இடத்தில் இருந்த அதன் கட்டடத்தின் நிலவறையில், கோப்புகள் வைக்கும் அறையில், நான் ஆறு வருடம் வேலை செய்தேன். அதில் முதல் ஐந்து வருடத்தில் வாரியம் ஒரு படத்துக்கும் உதவியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உதவினால் படம் வந்துவிடும். வந்த படம் நன்றாக இல்லாவிட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே வாரியம் படம் எடுப்பவர்களைக் கௌரவித்துக்கொண்டிருந்தது. கருத்தரங்கு வைத்தது, கேடயம் கொடுத்தது, மதியச் சாப்பாட்டில் மூன்று வகைச் சீஸ் வைத்தது. கௌரவிக்கப்பட்டவர்கள் கேடயத்தைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு நிற்பதை நான் நிலவறை ஜன்னலால் பார்ப்பேன். கால்கள்தான் தெரியும். ஆனாலும் கேடயம் வாங்கியவரின் கால் எது என்று எனக்குச் சொல்ல ஏலும்.

எஸ்ரா கிளேபோர்ன் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். அவரிடம் ஏற்கெனவே மூன்று கேடயங்கள் இருந்தன.

அவர் ஓர் அமெரிக்கக் கறுப்பர். மெம்பிஸ் நகரத்தில் பிறந்தவர். தகப்பன் ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரிக்கும் வேலை செய்தார். மகன் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த ஒரு தியேட்டரில் படம் ஓட்டப் பழகி, யுத்தகாலத்தில் ராணுவத்துக்குக் கமெரா பிடித்து, பிறகு சொந்தமாக ஒரு படம் எடுத்தார். சலவைத் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தம் பற்றிய படம். வேலைநிறுத்தம் செய்த பெண்களையே நடிக்க வைத்தார். அவருடைய ஊர்ப்பக்கத்துத் தியேட்டர்காரர்கள் அந்தப் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. இரண்டாவது படத்துக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அதைப் பார்த்த ஒரு பெரிய கம்பனி அவரைக் கூப்பிட்டு, துப்பாக்கியோடு ஓடுகிற கறுப்பர்களை வைத்து நாலு படம் எடுத்துத் தரச் சொன்னது. ஓடாத கறுப்பர்களை வைத்து ஒன்று எடுக்கலாமா என்று இவர் கேட்டார். அதன்பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. 1974இல், இரண்டாவது படத்தைக் காட்டுவதற்காக ஒரு கிழமைப் பயணமாக லண்டனுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை.

லண்டனில் மூன்றாவது படத்தைத் தொடங்கினார். ரயில் பெட்டிகளைக் கூட்டித் துடைக்கும் ஒரு பார்படோஸ் பெண்ணின் கதை. வெர்னா என்ற நடிகை அதில் நடித்தாள். 1980இல், இன்னும் பதினொரு நாள் படப்பிடிப்பு மிச்சம் இருக்கும்போது, தயாரிப்பாளர் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போனார். அந்த விடுமுறை இன்றுவரை முடியவில்லை.

அந்தப் பதினொரு நாளுக்காகத்தான் கிளேபோர்ன் வாரியத்தின் படி ஏறினார். வாரியம் அவருடைய விண்ணப்பத்தை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தது. அமெரிக்கர் என்பதால் பிரித்தானியக் கறுப்பினப் பிரிவில் சேர்க்க முடியவில்லை. பதினேழு வருடம் லண்டனில் இருந்துவிட்டதால் வெளிநாட்டுக் கலைஞர் பிரிவிலும் சேர்க்க முடியவில்லை. புதியவர் பிரிவுக்கு அவருடைய அனுபவம் கூடிப்போயிற்று. அனுபவசாலிகள் பிரிவுக்கு மூன்று படம் வேண்டும், அவரிடம் இருந்ததோ இரண்டே முக்கால்.

மேல்மாடியில் காத்திருக்கச் சொல்வார்கள். அவர் காத்திருக்கமாட்டார், கீழே என்னிடம் இறங்கி வந்துவிடுவார். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கோப்பு அடுக்குகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்துகொண்டே மிச்சப் படத்தைக் காட்சி காட்சியாக எனக்குச் சொல்வார். கதிரையை இழுத்துப்போட்டு நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னார்: "நான் பிறந்த ஊரில் எங்கே உட்காரலாம் என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், செல்வா. அதை வாசிக்கிற நேரத்துக்கு நிற்பதே சுகம்." அவருக்கு அறுபத்தேழு வயது. கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. முகத்தைச் சற்றுத் திருப்பி ஓரத்தால்தான் பார்ப்பார். மிஞ்சினால் ஒன்றரை வருடம்தான் பார்வை இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருடத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பதினொரு நாள்தான் வேண்டும் என்பார். அவர் போனபிறகும் என் கால்கள் மேசைக்குக் கீழே நடந்துகொண்டிருக்கும்.

இனி என்னுடைய குற்றத்துக்கு வருகிறேன்.

நான் தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் குடியிருப்பவன். யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன். எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முகப்பில் முட்டை வடிவத்துக்குள் இறந்தவரின் படம், அதன் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு கட்டங்கள், உள்ளே அவருடைய பிறப்பு, குலம், கல்வி, உத்தியோகம், அருங்குணங்கள், கடைசியில் துயரத்தில் தவிப்போர் பட்டியல். பக்கத்து ஊரான மிட்சமிலிருந்து தோர்ண்டன் ஹீத் வரை யார் கண்ணை மூடினாலும் என் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். அறுபதுக்கு மேலே எழுதியிருக்கிறேன். பெண்சாதியை அடித்தவர்களும் கடையில் கலப்படம் செய்தவர்களும் என் கையால் சாந்தசீலர்களாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

1991இல் வாரியத்துக்குப் பத்து வயது நிறைந்தது. மலர் வெளியிடத் தீர்மானித்தார்கள். அதில் கிளேபோர்னைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும். அவருடைய கோப்பு அப்போது நாலு அங்குல உயரம். மேல்மாடியில் யாரும் அதைத் திறந்திருக்கவில்லை. நடைமுறை அதிகாரி பத்ரிநாராயணன் கீழே இறங்கி வந்தார். மதராஸ்காரர், சட்டம் படித்தவர், ஒரு நாளைக்கு இரண்டு பேனா முடிக்கிறவர். நான் தமிழில் வாழ்க்கை வரலாறெல்லாம் எழுதுவதாகக் கேள்விப்பட்டாராம். அதே மாதிரி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுங்கள் என்றார்.

அதே மாதிரி எழுதினேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு மாதிரிதான். இன்னாரின் அருமை மகன், இன்ன படங்களை உலகுக்கு ஈந்தவர், பொறுமையில் பூமாதேவிக்கு நிகர், அமைதியே உருவானவர், அவரை அறிந்தோர் நெஞ்சில் என்றும் நிலைத்திருப்பார் என்று கையோட்டத்தில் போய்விட்டது. படத்தை முட்டை வடிவத்துக்குள் வைத்தேன். கீழே தோற்றம் என்று போட்டுப் பிறந்த தேதியை எழுதினேன். மறைவு என்ற கட்டத்தையும் பழக்கதோஷத்தில் கீறிவிட்டேன். அதை வெறுமையாகத்தான் விட்டேன். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

வெறுமையான கட்டம் அச்சுக்குப் போகக்கூடாது என்பது வாரியத்தின் விதி. பத்ரிநாராயணன் கோப்பை எடுத்து, கிளேபோர்ன் கடைசியாக எழுதிய கடிதத்தின் தேதியைப் பார்த்து, அதைக் கட்டத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டார்.

மலர் வெளியான மறுநாள் வாரியம் கலங்கிப்போயிற்று. பத்து வருடமாக முடிவெடுக்காதவர்கள் ஒரு காலையில் நாலு முடிவு எடுத்தார்கள். இரங்கல் கூட்டம், நினைவுக் கேடயம், நினைவுச் சொற்பொழிவு, அமரரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு படம். வாரியம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு படத்துக்கு உதவப்போகிறது என்று அறிவித்தல் பலகையில் போட்டார்கள். அதைப் படித்துவிட்டுத் தட்டெழுத்துப் பெண் ஒருத்தி அழுதாள்.

இரங்கல் கூட்டம் செவ்வாய்க்கிழமை வைக்கப்பட்டது. வாரியத்தின் தலைவி திருமதி ஹார்க்னஸ் கறுப்பு உடையில் வந்தார். அவருடைய பேச்சை என் காதால் கேட்டேன். நல்ல பேச்சு.

"உயிரோடு இருக்கும் கலைஞனுக்கு உதவுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது," என்றார். "அவன் அடுத்து என்ன செய்வான் என்று நமக்குத் தெரியாது. கடிதம் எழுதுவான். விளக்கம் கேட்பான். மறைந்த கலைஞன் இந்தச் சிரமங்களைத் தருவதில்லை. அவனை நாம் நிதானமாக, முழுமையாக, மறுப்பின்றி நேசிக்கலாம். எஸ்ரா கிளேபோர்ன் இன்றுதான் உண்மையில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்."

உண்மையில் அவர் ஐந்து நிமிடத்துக்கு முன்தான் வந்து சேர்ந்திருந்தார். வழக்கம்போல விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், மண்டபத்தின் பின்பக்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் கையை உயர்த்தினார். "நான்தான் எஸ்ரா கிளேபோர்ன். எனக்கு அஞ்சலி வேண்டாம், பதினொரு நாள் போதும்," என்றார்.

திருமதி ஹார்க்னஸ் நெஞ்சில் கை வைத்தார். "நன்றி," என்றார். "அமரர் எத்தனை சாதாரண மனிதர்களுக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பிறகு இரண்டு நிமிட மௌனம். கிளேபோர்னின் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் திரும்பி, இறந்தவருக்கு மரியாதை கொடுக்கும்படி அவரைக் கண்டித்தார்.

நான் பத்ரிநாராயணனிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினார்.

"அவர் உயிரோட இருக்கார்னு எனக்குத் தெரியும் சார். போன வாரம்கூட லிஃப்ட்ல பார்த்தேன், குட்மார்னிங் சொன்னேன். ஆனா வாரியத்துக்குத் தெரியாது. வாரியத்துக்குத் தெரியணும்னா அவர் எழுத்துல தரணும். தந்தார்னே வைங்க, காலமானவர் எழுதின லெட்டரை எந்தக் கோப்புல போடறது? அவர் கோப்பை மூடியாச்சு. மூடின கோப்பைத் திறக்கறதுக்கு வாரிசு கையெழுத்து வேணும். நான் விதியை மீற முடியாது சார், எனக்கும் குடும்பம் இருக்கு."

அப்படியானால் அவரைப் பற்றிய படத்தை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். அதெப்படி, அதற்கு நிதி ஒதுக்கியாயிற்றே என்றார்.

அன்று ரயிலில் எனக்கு இருக்கக் கதிரை கிடைத்தும் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி தவமலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்குக் கல்வெட்டு எழுதிப்போட்டு, அதை இஞ்சை வந்து கதை மாதிரிச் சொல்லுறியளே. நாளைக்கே அந்தாளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு நேரச் சாப்பாடு குடுத்து, முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேக்க வேணும்."

கிளேபோர்ன் வந்தார். தட்டைக் கையில் ஏந்தி, குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே நடந்துகொண்டே புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தோற்றம், மறைவு என்ற கட்டங்களை விளக்கினேன். பொறுமையில் பூமாதேவி என்ற இடம் வந்ததும் அவருக்குப் புரையேறியது. தவமலர் தண்ணீர் கொடுத்தாள். அவருக்குக் கோபம் வந்தது. அமெரிக்காவில் ஐம்பது வருடமாக முயன்றும் என்னைக் கொல்ல முடியவில்லை, நீ ஒரு பக்கத்தில் செய்துவிட்டாய் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்த வாழ்க்கைப் படத்தில் என்னைப் போல நடிப்பதற்கு ஆள் எடுத்துவிட்டார்களா?

இன்னும் இல்லை என்றேன். அவர் இரண்டாம் முறை புட்டுப் போடச் சொன்னார்.

ஆள் தெரிவுக்கு விண்ணப்பப் படிவம் இருந்தது. அமரரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற கேள்விக்கு அவர் அறுபத்தேழு வருடம் என்று எழுதினார். நேர்முகத்தில் நானும் ஒரு மூலையில் இருந்தேன். வாழ்க்கைக் குறிப்பு எழுதியவன் என்பதால் என்னை வரலாற்று ஆலோசகராக ஆக்கியிருந்தார்கள். திருமதி ஹார்க்னஸ், பத்ரிநாராயணன், படத்தை இயக்கப்போகும் ஜூலியன் என்ற இருபத்தாறு வயதுப் பையன், மூன்று பேரும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் என் கல்வெட்டு.

கிளேபோர்ன் உள்ளே வந்து நடக்கத் தொடங்கினார். கண்ணை ஓரத்தால் பார்த்தார், சொடக்குப் போட்டார், ஜன்னலைத் திறந்தார், ஒரு காட்சியை விளக்கினார். இருபது நிமிடம் கழித்து அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கலந்து பேசினார்கள். தோற்றம் பரவாயில்லை என்றார் திருமதி ஹார்க்னஸ். ஆனால் கிளேபோர்னின் அந்த அமைதி எங்கே? பூமியின் பொறுமை எங்கே? இவர் பதற்றக்காரர். அமரரைப் புரிந்துகொள்ளவே இல்லை. ஜூலியன், உயரமும் கொஞ்சம் குறைவு என்று சேர்த்துக்கொண்டான்.

என் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. இன்னொரு தடவை பாருங்கள், நான் அவருக்கு அமரரின் குணங்களை விளக்கிச் சொல்கிறேன் என்றேன்.

வெளியே நடைகூடத்தில் கிளேபோர்னுக்கு கிளேபோர்னை விளக்கினேன். திரும்பி உள்ளே போனார். ஒரு கதிரையை இழுத்தார். அதில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார். பதினைந்து நிமிடம் அசையவில்லை. அவருடைய கழுத்து நரம்பு துடிப்பதை நான் மட்டும் பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான வேலையை நான் யாரையும் செய்ய வைத்ததில்லை. திருமதி ஹார்க்னஸ் கண்ணைத் துடைத்தார். "அவரே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது," என்றார்.

1992 சித்திரையில் படப்பிடிப்பு தொடங்கியது. தெற்கு லண்டனில் கைவிடப்பட்ட ஒரு ரயில் பணிமனை. கதைப்படி, அமரர் தம் முடிவுறாத படத்தை எடுப்பதற்குப் போராடும் காட்சிகள் அங்கே நடக்கும். அதற்காக ஒரு பழைய கமெராவைக் கொண்டுவந்து, நடிகரின் கையில் கொடுத்தார்கள். வெறும் கமெரா. அதற்குள் உண்மையான பிலிம் போடவேண்டும் என்று கிளேபோர்ன் ஜூலியனிடம் சொன்னார். வெறுமையாக ஓடும் கமெராவின் சத்தம் வேறு, முன்னால் நிற்கும் நடிகையின் முதுகெலும்புக்கு அது தெரிந்துவிடும் என்றார். ஜூலியன் இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். பிலிம் வந்தது. நடிகையாக நடிப்பதற்கு ஒரு வயதான பார்படோஸ் பெண்மணியைத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். வெர்னா வந்தாள்.

முதற்பகுதி எடுத்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே, அவள் கிழவியாகிவிட்டாளே என்று நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவர் அதற்கு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் வாரியம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது, கதையிலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வயதைக் கூட்டிவிடுவார். கதையின் கடைசிப் பகுதியில் அவள் பன்னிரண்டு வருடம் கழித்து அதே பணிமனைக்குத் திரும்பி வருகிறாள். அந்தப் பகுதியை எழுதியதில் வாரியத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜூலியன் தன் கமெராவால் கிளேபோர்னைப் படம் பிடித்தான். கிளேபோர்ன் தன் கமெராவால் வெர்னாவைப் படம் பிடித்தார். ஜூலியன் ‘கட்’ என்று கத்துவான். கிளேபோர்ன் கத்தமாட்டார். வெர்னா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குள் போவாள், அவர் பின்னாலேயே போவார். பாத்திரத்திலிருந்து வெளியே வரத் தெரியாத நடிகர் என்று ஜூலியன் வியந்தான். கண்ணின் நடுப்பகுதி அப்போது அநேகமாகப் போய்விட்டது. நான் வரலாற்று ஆலோசகர் என்ற முறையில் பக்கத்தில் நிற்பேன். அவளுடைய இடது கை எங்கே இருக்கிறது என்று கேட்பார். ஜன்னல் சட்டத்தில் என்பேன். வெளிச்சம் முழங்கை வரைக்கும் வந்துவிட்டதா? இன்னும் இல்லை. சரி, பொறுப்போம். அந்த மனிதர் பொறுத்து நின்றதை அங்கேதான் கண்டேன்.

பதினொரு நாள். பதினொன்றாம் நாள் மாலை நாலரைக்கு அவர் தன் வாயால் ‘கட்’ என்றார். வெர்னா அங்கேயே படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். பதினொரு தகர டப்பாக்கள் முத்திரை ஒட்டப்பட்டு வரிசையாக இருந்தன. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டப்பாக்கள் வாரியத்தின் சொத்து. அவற்றை என்ன செய்வது என்று கூட்டம் கூடியது. பத்ரிநாராயணன் சிக்கலை எடுத்துச் சொன்னார். இவை நடிகர் எடுத்தவை என்றால் விண்ணப்பம் இல்லாமல் எடுத்தவை. அமரர் எடுத்தவை என்றால் மறைவுக்குப் பின் எடுத்தவை. இரண்டுக்கும் விதி இல்லை. அழித்துவிடுவதே முறை என்றார். திருமதி ஹார்க்னஸ் துடித்துப்போனார்.

"அழிப்பதா? நாம் பண்பாட்டின் காவலர்கள்," என்றார். "கிளேபோர்னின் பெருமை எதில் இருக்கிறது? அவருடைய படம் முடிவுறாமல் நின்றதில்தான். நம்முடைய நினைவுச் சொற்பொழிவு, நூல், கருத்தரங்கு எல்லாம் அந்த முடிவுறாமையின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கின்றன. இந்தப் பிலிமைக் கழுவினால் அது முடிந்துவிடும். முடிந்த படத்தை எவரும் பார்த்துவிடலாம், குறையும் சொல்லலாம். கழுவாத பிலிமை யார் குறை சொல்ல முடியும்? இதை இப்படியே, திறக்காமல், வரும் தலைமுறைகளுக்காகப் பாதுகாப்போம்."

நுழைவாயிலில் கண்ணாடி அலுமாரி ஒன்று வந்தது. உள்ளே பதினொரு டப்பாக்கள், மேலே சின்ன விளக்கு. திங்கட்கிழமைகளில் பத்ரிநாராயணன் முன்னிலையில் டப்பாக்களைத் தராசில் நிறுத்து, நிறை குறையவில்லை என்று பதிவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளேபோர்ன் வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றார். கழுவாத பிலிம் நாள்பட்டால் தன்பாட்டில் மங்கிவிடும் என்று சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். என் கண்ணுக்கு இருக்கிற காலம்தான் அதற்கும் என்றார். அவர் நடக்கவில்லை. அது எனக்குப் பயத்தைத் தந்தது.

அலுமாரிச் சாவி நிலவறையில், என் மேசை லாச்சியில் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த வருடம் லண்டனில் வேலை போனவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். வீட்டுக் கடன் கழுத்தில் இருந்தது. வாரியத்தின் சொத்தைத் திருடியவன் என்று பெயர் வந்தால் எந்தக் கந்தோரும் என்னைச் சேர்க்காது. நாலு நாள் இதையே நினைத்துச் சாப்பிடாமல் திரிந்தேன். வீட்டில் ஒரு கதிரையிலிருந்து இன்னொரு கதிரைக்கு மாறிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தவமலர் கேட்டாள், நான் சொன்னேன்.

"அந்தப் பக்கத்தை எழுதினது ஆர்?" என்றாள்.

நான் என்றேன்.

"அப்ப பத்ரியண்ணை வந்து திருத்துவாரோ?"

மறுநாள் அவளுடைய மீன் வாங்கும் தள்ளுவண்டியோடு வேலைக்குப் போனேன். நிலவறையில் விலைபோகாத மலர்கள் ஆயிரத்து எழுநூறு கிடந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றை வட்டமாக வெட்டி, வெறும் டப்பாக்களுக்குள் அடைத்து, தராசில் நிறை பார்த்து முத்திரை ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றே கால் மலர் தேவைப்பட்டது. அலுமாரியைத் திறந்து மாற்றும்போது திருமதி ஹார்க்னஸ் விருந்தாளிகளுடன் அந்த வழியே வந்தார். என் கையில் டப்பா இருந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் விருந்தாளிகளிடம், இவர் எங்கள் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர், தினமும் தூசி தட்டுகிறோம் என்றார். நான் தூசி தட்டினேன்.

வெம்பிளிப் பக்கம் பிலிம் கழுவும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே வரவேற்பு மேசையில் இம்மாகுலேற் என்ற, யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை வேலை செய்தாள். அவளுடைய தகப்பனுக்கு நான்தான் கல்வெட்டு எழுதியவன். கிளேபோர்ன் என்னோடு வந்தார். தள்ளுவண்டியைத் தானே தள்ளுவேன் என்று அடம்பிடித்து, இரண்டு இடத்தில் தூணில் மோதினார். மேசைக்கு முன்னால் போனதும் விரல்களால் பலகையில் தட்டத் தொடங்கினார்.

இம்மாகுலேற் டப்பாக்களை எண்ணி எடுத்தாள். படிவத்தை எழுதினாள். இயக்குநர் பெயர் என்ற இடத்தில் நிறுத்திக் கேட்டாள். எஸ்ரா கிளேபோர்ன் என்றேன். அவள் பேனாவைத் தூக்கிவிட்டாள். ஜூலியனின் படமும் அங்கேதான் கழுவப்பட்டிருந்தது.

"அண்ணை, அந்தாள் செத்துப்போனாரெல்லோ? போன வருசம். நாங்கள் அந்தாளின்ரை நினைவுப் படம் கழுவினனாங்கள்."

என்ன சொல்கிறாள் என்று கிளேபோர்ன் கேட்டார். இயக்குநர் இறந்துவிட்டதாகச் சொல்கிறாள் என்றேன்.

அவர் விரல் தட்டுவதை நிறுத்தவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணின் ஓரத்தால் அவளைத் தேடிப் பிடித்தார்.

"உண்மைதான்," என்றார். "அதனால்தான் அவருக்கு நேரம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்."

இம்மாகுலேற் அவரைப் பார்த்தாள். பிறகு தள்ளுவண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெயரை எழுதினாள். லாச்சியைத் திறந்து சிவப்புத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒன்றாகப் பதினொன்றையும் ஒட்டினாள். ‘அவசரம்’ என்று அவற்றில் அச்சடித்திருந்தது. கிளேபோர்னுக்கு அந்த எழுத்துத் தெரியவில்லை. என்ன ஒட்டுகிறாள் என்று என்னைக் கேட்டார்.

நான் வாசித்துச் சொன்னேன். அவர் பதினொரு தடவையும் வாசிக்கச் சொன்னார்.